சேலைனுக்கு முன் ஒரு கேள்வி

(பதுளையில் ஆற்றிய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பசறையிலிருந்தோ லுணுகலையிலிருந்தோ மடுல்சீமையிலிருந்தோ ஒரு நோயாளியைப் பதுளைப் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுவரும் குடும்பத்தார், அதிதீவிர சிகிச்சைப் பிரிவின் கதவோரத்தில் நின்று எங்களிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: “டொக்டர், ஆளு ரொம்பப் பெலவீனமா கெடக்குறாரு. சத்து ஊசி ஏதாவது போடுங்க. வெளிய வாங்கணும்னா சொல்லுங்க, எப்பிடியாவது வாங்கிக்கிட்டு வந்துர்றோம்.” வாங்கியும் வருவார்கள். தோட்டை அடகு வைப்பார்கள், தெரிந்தவரிடம் கைமாற்று வாங்குவார்கள். கொழுந்து பறித்து வரும் சம்பளத்தில் அந்தக் கடன் அடைய எத்தனை மாதமாகும் என்பது இந்த மண்டபத்தில் உள்ளவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அதனால்தான் அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் சொல்வது எங்கள் கடமை என்று நினைக்கிறேன். உயிருக்குப் போராடும் ஒருவருக்குக் குறிப்பிட்ட ஒரு சத்தை மருந்தாகக் கொடுத்தால் அவர் பிழைப்பாரா? எந்தச் சத்து, எவருக்கு, எப்போது? உலகத்தின் பெரிய வைத்தியசாலைகளும் பல பத்தாண்டுகளாக இதையே கேட்டுக்கொண்டிருக்கின்றன. அவை கண்டறிந்ததை முதலில் சொல்கிறேன். பிறகு நம் ஊவா மலைக்கு வருவோம்.

குளூட்டமின் என்று ஓர் அமினோ அமிலம் இருக்கிறது. நாம் உண்ணும் புரதத்தில் இருப்பது, உடலும் தானே செய்துகொள்வது. கடும் நோயில் விழுந்தவர் பலரின் இரத்தத்தில் அது குறைகிறது, குறைந்தவர்களில் இறப்பும் அதிகம் என்று கண்டார்கள். குறைந்ததை நிரப்பினால் உயிர் தப்பும் என்ற நம்பிக்கை அப்படித்தான் வளர்ந்தது. சிறிய ஆய்வுகள் அதற்குச் சாதகமாகவும் வந்தன. கனடாவின் டேரன் ஹேலண்ட் தலைமையில் 40 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 1,223 பேரை வைத்து ஒரு பெரிய பரிசோதனை நடந்தது. எல்லோரும் செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்கள், இரண்டு உறுப்புகளாவது செயலிழந்தவர்கள். 2013இல் முடிவு வெளிவந்தது. குளூட்டமின் பெற்றவர்களில் ஆறு மாதத்துக்குள் இறந்தோர் நூற்றுக்கு 43.7, பெறாதவர்களில் 37.2. உயிர் காக்கக் கொடுத்த சத்து உயிரை எடுத்திருந்தது. இன்னொன்றும் தெரியவந்தது: இரத்தத்தை அளந்து பார்த்தவர்களில் பெரும்பாலோருக்குக் குளூட்டமின் குறையவே இல்லை.

விற்றமின் சீயின் கதையும் அப்படித்தான். 2017இல் அமெரிக்காவின் நோர்ஃபோக் நகரிலிருந்து ஒரு சிறிய அறிக்கை வந்தது. கிருமி இரத்தத்தில் கலந்து உறுப்புகள் பழுதாகும் நிலையில் இருந்த 47 பேருக்கு விற்றமின் சீ, தயமின், ஹைட்ரோகோர்டிசோன் மூன்றையும் கொடுத்தார்கள். இறப்பு நூற்றுக்கு எட்டரை. முன்பு அதே இடத்தில் அவை இல்லாமல் சிகிச்சை பெற்ற 47 பேரில் அது நூற்றுக்கு நாற்பது. உலகம் முழுவதும் பரபரப்பு. விற்றமின் சீ மலிவானது, எந்த நாட்டிலும் கிடைப்பது, ஏழை நாடுகளுக்கு வரப்பிரசாதம் என்று பலரும் எழுதினார்கள். நானும் அதை விரும்பித்தான் படித்தேன். பிறகு 872 பேரை வைத்து முறையாக நடத்திய பரிசோதனை 2022இல் வெளியானது. விற்றமின் சீயை மட்டும் அதிக அளவில் பெற்றவர்களில் இறந்தோரும் உறுப்புகள் தேறாதோரும் சேர்ந்து நூற்றுக்கு 44.5. அதைப் பெறாதவர்களில் 38.5.

செலினியம், மீன் எண்ணெய்க் கொழுப்பு ஆகியவையும் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. விவரத்துக்குள் போகவில்லை. இவற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான்: தட்டுப்பாடு இல்லாத உடம்புக்குள் ஒரு சத்தை அளவுக்கு மேல் இறக்கினால் அது நோயோடு போராடும் உடம்புக்கு இன்னொரு பாரம். ஆகவே எந்தக் குடும்பமாவது நகையை அடகு வைத்து விலையுயர்ந்த அமினோ அமிலப் போத்தலையோ புரத மா டப்பாவையோ வாங்கி வர நினைத்தால், வேண்டாம் என்று உரத்துச் சொல்கிறேன். சிகிச்சை செய்யும் வைத்தியர் எழுதிக் கொடுக்காத எதையும் வாங்காதீர்கள்.

அப்படியானால் சத்து மருந்தாகவே ஆகாதா? ஆகும். அதற்குச் சான்று நம் நாட்டிலேயே இருக்கிறது.

ஏற்புவலி நோயை இங்குள்ள முதியவர்கள் அறிவார்கள். தேயிலை மலையில் வெறுங்காலோடு நடந்து ஆணியோ கட்டையோ குத்தி, சில நாள் கழித்துத் தாடை இறுகி, உடம்பு வில்லாக வளையும். அந்த வலிப்பை அடக்க நோயாளியை ஆழ்ந்த மயக்கத்தில் போட்டு, தசைகளைச் செயலிழக்கச் செய்து, வாரக்கணக்கில் இயந்திரச் சுவாசத்தில் வைத்திருக்க வேண்டியிருந்தது. கொழும்பு தேசிய வைத்தியசாலையில் ஆட்டிகல, றொட்ரிகோ என்ற இரு வைத்தியர்கள் மக்னீசியம் சல்பேற்றை நரம்பு வழியாக ஏற்றிப் பார்த்தார்கள். 1997இல் முதல் அறிக்கை வந்தது, 2002இல் 40 நோயாளிகளின் விவரம் வந்தது. பெரும்பாலோருக்கு மயக்கமருந்து இல்லாமலே வலிப்பு அடங்கியது. நோயாளி கண் விழித்திருந்தார், பேசினார்.

இதில் என்னைக் கவர்ந்தது அவர்கள் அளவைக் கண்காணித்த விதம். முழங்காலுக்குக் கீழே உள்ள நாணைச் சிறு சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்கள். கால் துள்ளினால் மக்னீசியம் அளவோடு இருக்கிறது. துள்ளாவிட்டால் அளவு ஏறுகிறது, இன்னும் ஏறினால் மூச்சு நிற்கும், ஆகவே உடனே குறைக்க வேண்டும். மாற்று மருந்தாகக் கல்சியம் பக்கத்தில் தயாராக இருக்கும். ஆய்வுகூட வசதி குறைந்த வைத்தியசாலையிலும் செய்யக்கூடிய காவல் அது. பிறகு வியட்நாமில் 256 பேரை வைத்து நடத்திய ஆய்வு, இயந்திரச் சுவாசத்தின் தேவையை மக்னீசியம் குறைக்கவில்லை, ஆனால் மற்ற மருந்துகளின் தேவையைக் குறைத்தது என்று 2006இல் சொன்னது. முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் கொழும்பில் தொடங்கிய ஒரு வேலையை உலகம் எடுத்துப் பார்த்தது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. கர்ப்பிணிகளுக்கு இரத்த அழுத்தம் ஏறி வரும் வலிப்பை இதே மக்னீசியம் பாதிக்கு மேல் குறைக்கிறது என்பதை 2002இல் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களிடையே நடந்த பரிசோதனை நிரூபித்தது. இங்கே மக்னீசியம் தட்டுப்பாட்டை நிரப்பவில்லை, மருந்தாகவே வேலை செய்கிறது. அப்படிப்பட்ட சத்துகள் வெகு சில.

மற்றபடி சத்து உயிர் காப்பது, அது உண்மையிலேயே தீர்ந்துபோன உடம்பில்தான். அந்தத் தட்டுப்பாடு நம் தோட்டங்களில் எங்கே ஒளிந்திருக்கிறது? இதைச் சொல்ல ஒரு நூற்றாண்டு பின்னால் போக வேண்டும்.

மலாயாவின் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் தமிழர்களும் சீனர்களும் கூட்டங்கூட்டமாகப் போன காலம். சீனத் தொழிலாளர்களை பெரிபெரி நோய் வாரிக்கொண்டு போனது. கால் வீங்கும், நரம்பு மரக்கும், ஒருநாள் இதயம் நின்றுவிடும். பக்கத்திலேயே வேலை செய்த தமிழர்களுக்கு அது அரிதாகவே வந்தது. பிராடன் என்ற வைத்தியர் இதைக் கவனித்து 1907இல் எழுதினார். சீனர் தின்றது தீட்டிய பச்சரிசி. தமிழர் தின்றது புழுங்கலரிசி. அதற்கு முன்பே, இதைச் சோதித்துப் பார்க்க, 1905இல் கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் ஃபிளெட்சர் என்ற வைத்தியர் பாதிப் பேருக்குப் பச்சரிசியும் மீதிப் பேருக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துவந்தார். பச்சரிசி தின்றவர்களில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். புழுங்கலரிசி தின்றவர்களில் ஒருவரும் இறக்கவில்லை.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் தயமின் என்ற விற்றமின் பீ-1 அரிசி மணிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் போகாது. நம் ஆச்சிமார் யாரும் இதை அறிந்து நெல் அவிக்கவில்லை. ஆனால் அந்தப் பழக்கம் கடல் கடந்துபோன ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்களின் இதயத்தைக் காத்திருக்கிறது. அதே தயமினை 1936இல் ஆய்வுகூடத்தில் செயற்கையாகத் தயாரித்த ரொபர்ட் வில்லியம்ஸ் தென்னிந்தியாவின் நெல்லூரில் பிறந்தவர் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

இனி இன்றைய லயத்துச் சமையலறைக்கு வாருங்கள். 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் அரிசி வரத்து அறுந்தது, கோதுமை மா பங்கீட்டுக்குள் வந்தது. வந்தது போகவில்லை. காலையில் ரொட்டி, மலைக்குக் கொண்டுபோவதும் ரொட்டி, சில வீடுகளில் இரவிலும் ரொட்டி. தொட்டுக்கொள்ள ஒரு சம்பல். கோதுமையின் தயமினில் பெரும்பகுதி தவிட்டோடும் முளையோடும் போய்விடுகிறது, வெள்ளை மாவில் எஞ்சுவது சொற்பம். கூடவே குடிக்கும் வெறுந்தேத்தண்ணியின் துவர்ப்புச் சத்து தயமினையும் பிடித்துக்கொள்கிறது, இரும்புச் சத்தையும் குடலில் சேரவிடாமல் தடுக்கிறது. வெற்றிலையோடு போடும் பாக்கும் தயமினை அழிக்கிறது. தோட்டத்தில் நாம் பறித்து உலகத்துக்கு அனுப்பும் இலை, சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் நம் உடம்பிலேயே இப்படிக் கணக்குத் தீர்க்கிறது. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இதோடு கசிப்பு சேர்ந்தால் நிலைமை வேறு. மது தயமினைக் குடலில் உறிஞ்சவிடாது. குடிப்பவர் ஒழுங்காகச் சாப்பிடுவதுமில்லை. உடம்பு சேமித்துவைக்கும் தயமின் ஏறக்குறைய 30 மில்லிகிராம்தான். இரண்டு மூன்று வாரத்தில் அது கரைந்துவிடும்.

ஒரு நோயாளியை எண்ணிப் பாருங்கள். நாற்பது வயது, கவ்வாத்து வெட்டுபவர். பத்து நாளாகக் காய்ச்சல், சாப்பாடு இறங்கவில்லை, வாந்தி. தோட்டத்து மருந்தகத்தில் காட்டி, பிறகு லொறியில் பதுளைக்கு வருகிறார். மூச்சு இளைக்கிறது, கால் வீங்கியிருக்கிறது, இரத்தத்தில் லக்டிக் அமிலம் ஏறியிருக்கிறது, அழுத்தம் விழுகிறது. எல்லாம் கிருமித் தாக்கத்தின் அடையாளங்கள் போலவே இருக்கும். கிருமியும் இருக்கலாம். ஆனால் தயமின் தீர்ந்த உடம்பும் இதே அடையாளங்களைத்தான் காட்டும். குளுக்கோஸைச் சக்தியாக மாற்றும் வேதிவினைக்குத் தயமின் வேண்டும். அது இல்லாதபோது குளுக்கோஸ் சேலைனை ஏற்றினால் மிச்சமிருந்த துளியும் செலவாகி, லக்டிக் அமிலம் இன்னும் ஏறும். இதயமும் மூளையும் தாங்காது. கண் ஒருபக்கமாக இழுத்து, நடை தள்ளாடி, புத்தி தடுமாறும் வெர்னிக்கே நோய் இப்படித்தான் வந்து சேர்கிறது. அந்த நேரத்தில் நரம்பு வழியாகப் போடும் தயமின் ஊசி சில மணித்தியாலத்தில் நிலைமையை மாற்றுவதைத் தீவிர சிகிச்சை வைத்தியர்கள் கண்டிருக்கிறார்கள். இதில் ஒரு எச்சரிக்கை: இரத்தச் சர்க்கரை ஆபத்தாக விழுந்திருந்தால் குளுக்கோஸைத் தாமதிக்கக் கூடாது. இரண்டையும் சேர்த்தே கொடுக்க வேண்டும்.

பணக்கார நாட்டிலும் இது நடந்திருக்கிறது. நரம்பு வழியாக முழு உணவும் பெற்ற மூன்று நோயாளிகள், அந்த உணவில் தயமின் சேர்க்கப்படாததால் இறந்தார்கள் என்று 1989இல் அமெரிக்கச் சுகாதார அறிக்கை ஒன்று பதிவு செய்தது. போத்தல் நிறையக் கலோரி இருந்தது. ஒரு மில்லிகிராம் தயமின் இல்லை.

பசியில் கிடந்தவருக்கு உணவே ஆபத்தாவது இன்னொரு வழியிலும் நடக்கும். 1945இல் ஜப்பானியச் சிறைமுகாம்களிலிருந்து விடுவிக்கப்பட்ட எலும்புந்தோலுமான மனிதர்களில் சிலர், வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகே இதயம் செயலிழந்து இறந்தார்கள். நீண்ட பட்டினிக்குப் பின் மாச்சத்து திடீரென்று வந்தால் இன்சுலின் பொங்கும். இரத்தத்தில் இருந்த பொஸ்பேற்று, பொட்டாசியம், மக்னீசியம் எல்லாம் உயிரணுக்களுக்குள் பாயும். இரத்தத்தில் பொஸ்பேற்று தரைதட்டினால் மூச்சுத் தசை தளரும், இதயத்துடிப்பு தாறுமாறாகும். அதனால் பத்து நாளுக்கு மேல் சாப்பிடாமல் வந்தவருக்கு ஒரு நாளைக்கு, ஒரு கிலோ எடைக்குப் 10 கலோரிக்கு மிகாமல் தொடங்கச் சொல்கிறது பிரித்தானிய வழிகாட்டி. முதலில் தயமின், பிறகு மெல்ல மெல்ல உணவு, தினமும் பொஸ்பேற்றும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும்.

இது நமக்குத் தூரத்து விஷயமில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அந்த வருடம் எத்தனை வீடுகளில் அடுப்பு ஒரு நேரம்தான் எரிந்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வரும் தாயிடம், “பாவம், பட்டினி கிடந்தவள்” என்று உறவினர் கரிசனத்தோடு ஒரேயடியாகச் சோறும் பாலும் ஊட்டுவார்கள். அந்த அன்புக்கு அணை போட எனக்கு மனம் வராது. ஆனாலும் போட்டே ஆக வேண்டும். முதல் சில நாள், தாதி சொல்லும் அளவு மட்டும்.

குழந்தைகளிடம் இது இன்னும் கூர்மையானது. 2016ஆம் ஆண்டின் குடிசன சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாட்டில் நூற்றுக்கு 17.3, தோட்டப்பகுதியில் 31.7. இப்படிப்பட்ட பிள்ளை கடுமையாக மெலிந்து வைத்தியசாலைக்கு வந்தால், முதலில் கொடுப்பது எஃப்-75 என்ற பால்மாக் கலவை. 100 மில்லிலீற்றரில் 75 கலோரி, புரதம் ஒரு கிராமுக்கும் குறைவு. இவ்வளவு நீர்த்த பாலையா கொடுக்கிறீர்கள் என்று தாய்மார் கோபிப்பார்கள். அந்த நிலையில் அந்த ஈரலும் இதயமும் தாங்கும் அளவு அவ்வளவுதான். பசி திரும்பிய பிறகே கலோரி கூடிய எஃப்-100. விற்றமின் ஏ, போலிக் அமிலம், சிங்க் உண்டு. இரும்பு மட்டும் தொடக்கத்தில் கூடாது. பிள்ளை வெளிறிப்போய் இருக்கும், கண்ணுக்குத் தெரிவது இரத்தச்சோகைதான், ஆனால் கிருமி அடங்குமுன் கொடுத்த இரும்பு கிருமிக்கே உதவும். ஒரு வாரம் பொறுக்க வேண்டும். இரும்பு என்ற ஒரே சத்து, அதே பிள்ளைக்கு, இந்த வாரம் கேடு, அடுத்த வாரம் மருந்து. கிளினிக்கில் பீ.பி.-100 என்ற சத்து பிஸ்கட் கொடுத்தாலும் அப்படித்தான்: அது அந்தப் பிள்ளைக்கு எழுதிய மருந்து. திரிபோஷ சத்துமாப் பொதியை முழுக் குடும்பமும் பங்குபோடுவதை நான் குறை சொல்ல மாட்டேன், பசி அப்படிச் செய்யவைக்கும். ஆனால் அந்த பிஸ்கட்டைப் பங்குபோடாதீர்கள்.

வயிற்றோட்டத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1971இல் வங்காள அகதி முகாம் ஒன்றில் திலீப் மஹலநாபிஸ் என்ற வைத்தியர், சேலைன் தீர்ந்துபோன நிலையில், உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பதளவில் இருந்த கொலரா இறப்பு நூற்றுக்கு நாலுக்குக் கீழே வந்தது. இன்று உங்கள் வீட்டில் இருக்கும் ஜீவனிப் பைக்கற்றின் மூலம் அதுதான். பிள்ளைகளுக்கு ஜீவனியோடு 10 முதல் 14 நாள் சிங்க் குளிசை கொடுக்க வேண்டும் என்று 2004இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சொல்லின. வயிற்றோட்டம் நின்ற இரண்டாம் நாளே குளிசையை நிறுத்திவிடுகிறோம். முடிக்க வேண்டும்.

சத்தை மாவில் கலந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இரும்பு சேர்த்த கோதுமை மாவை இலங்கைத் தோட்ட மக்களிடம் இரண்டு வருடம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2004இல் வெளியானது. இரத்தச்சோகை குறையவில்லை. மாவில் போட்ட இரும்பு எளிதில் உறிஞ்சப்படாத வகை. கூடவே தேத்தண்ணி. ஒரு சத்தைத் தனியாகப் பிடித்துக்கொண்டு, மீன், முட்டை, பருப்பு, கீரை வாங்க முடியாத சம்பளத்தை மறந்துவிட முடியாது. அதைத் தொழிற்சங்கங்களும் கம்பனிகளும் அரசாங்கமும் பேசட்டும். வைத்தியன் என்ற முறையில் நானும் அதைப் பேசுவேன்.

இங்கே இருக்கும் தோட்ட வைத்திய உதவியாளர்களிடமும் தாதியரிடமும் கேட்கிறேன்: குடிப்பழக்கம் உள்ளவர், வாரக்கணக்கில் சாப்பிடாதவர், நிற்காத வாந்தியோடு வரும் கர்ப்பிணி, இவர்களுக்குக் குளுக்கோஸ் சேலைனைத் தொங்கவிடும் முன் தயமின் குப்பி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இன்றே எழுதிக் கேளுங்கள். அது விலை குறைந்த ஊசி.

குடும்பத்தாரிடம் நான் கேட்பது அதைவிட எளிது. அடுத்த முறை 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்பியூலன்ஸ் வரும்போது, கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் மூன்று விஷயத்தை எழுதிக்கொண்டு ஏறுங்கள்: கடைசியாக ஒழுங்காகச் சாப்பிட்டது எத்தனை நாளைக்கு முன், அதற்கு முந்திய நாட்களில் என்ன சாப்பிட்டார், குடிப்பாரா, குடித்தால் எவ்வளவு. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, யாரும் உங்களைக் குற்றம் சொல்லப்போவதுமில்லை. எழுத முடியாவிட்டால் சொல்லுங்கள். மொழி புரியாவிட்டால் விரலை மடக்கி நாளை எண்ணிக் காட்டுங்கள். சத்து ஊசி கேட்பதற்கு முன் அதைச் சொல்லிவிடுங்கள், எந்தச் சத்து வேண்டும் என்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.